ஃபிரான்ஸ் ஜோசஃப் லேண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு உலக வரைபடம் விரித்துப் புவியியல் சொல்லித் தருகிறேன். வரைபடத்தின் மேல் விளிம்பில், யாருடைய கண்ணும் போகாத இடத்தில், ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரிவதில்லை. பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஃபிரான்ஸ் ஜோசஃப் லேண்ட்னா எங்க இருக்கு? அண்டார்டிகா பக்கமா?

இல்லை, நேர் எதிர்ப்பக்கம். இது வடதுருவப் பகுதி. ரஷ்யாவின் வடக்குக் கரையைத் தாண்டி, நோவயா செம்லியா தீவுகளையும் தாண்டி, பேரண்ட்ஸ் கடலின் வட ஓரத்தில் இருக்கிறது. மேற்கே நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகள். வடக்கே போனால் துருவம் வரைக்கும் வேறு நிலமே கிடையாது, உறைகடல் மட்டும்தான்.

இதன் வடகோடி ருடால்ஃப் தீவில் உள்ள ஃபிலிகெலி முனை, ஏறத்தாழ 81 டிகிரி 50 நிமிட வடக்கு. ஐரோப்பா, ஆசியா இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இதற்கு வடக்கே ஒரு பிடி மண் இல்லை. அங்கிருந்து வடதுருவம் சுமார் 900 கிலோமீட்டர்.

லேண்ட்னு பேர் வச்சிட்டு தீவுங்கறீங்களே, எது சரி?

தீவுகள்தான். 190-க்கும் மேற்பட்ட தீவுகள், மொத்தப் பரப்பு 16,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் சுமார் 85 சதவீதம் பனிப்பாறை மூடியது. மிச்ச இடங்களில் கறுப்பு எரிமலைப்பாறை தலை நீட்டும். உயரம் அதிகமில்லை, 600 மீட்டர் சொச்சம். ஆனால் கடலிலிருந்து நேரே எழுவதால் பார்க்க மிரட்டும்.

பெயரில் ‘லேண்ட்’ வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் பார்த்தவர்கள் இதை இரண்டு பெரிய நிலப்பரப்புகள் என்றே நினைத்தார்கள். தீவுக்கும் தீவுக்கும் நடுவில் இருக்கும் நீர்ச்சந்துகள் வருடத்தில் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். மேலே பனி விழுந்துவிட்டால் எது நிலம், எது கடல் என்று நடந்துபோகிறவருக்கே தெரியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அங்க மனுஷங்க இருக்காங்களா? ஒரு மரமாவது இருக்குமா?

பரம்பரையாக வாழும் மக்கள் யாரும் இல்லை. கண்டுபிடித்தபோதும் இல்லை. இப்போது ரஷ்ய ராணுவத்தினர், வானிலைப் பணியாளர்கள், கோடையில் வரும் பூங்காக் காவலர்கள், அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி கடைசியில்தான் திரும்ப எட்டிப்பார்க்கும்.

மரமோ புதரோ கிடையாது. பாசி, கற்பாசி, கோடையில் கணுக்கால் உயரம்கூட வராத மஞ்சள் துருவப் பாப்பிப் பூ, இப்படித் தரையோடு ஒட்டி வளர்பவைதான் தாவரம். ஆனால் கரையில் மரக்கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கும். சைபீரிய ஆறுகள் கடலுக்குத் தள்ளிய மரங்கள், பனியோடு மிதந்து வந்து சேர்ந்தவை. இந்தக் கட்டைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு இடத்தில் வரும். மிருகங்களுக்குக் குறைவில்லை. துருவக்கரடி, வால்ரஸ், வெள்ளைத் தந்தக் கடற்காகம், செங்குத்துப் பாறைகளில் ஆயிரக்கணக்கில் கூடு வைக்கும் கடற்பறவைகள் எல்லாம் உண்டு. ஹூக்கர் தீவின் ரூபினி பாறை அந்தப் பறவைகளுக்குப் பேர்போனது.

ஆஸ்திரியாக்காரங்க கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றீங்க. ஆஸ்திரியாவுக்குக் கடலே கிடையாதே சார்?

இப்போது கிடையாது. அன்றைக்கு இருந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் கையில் டிரியெஸ்ட் துறைமுகமும், இன்றைய குரோவேஷியாவின் அட்ரியாட்டிக் கரையும் இருந்தன. பெரிய கடற்படையே வைத்திருந்தார்கள்.

1872-இல் புறப்பட்ட பயணத்துக்கு இரண்டு தலைவர்கள். கப்பலிலும் உறைகடலிலும் கார்ல் வைப்ரெக்ட் என்ற கடற்படை அதிகாரி. தரையில் கால் வைத்தால் யூலியஸ் பையர் என்ற ராணுவ அதிகாரி. பையர் ஆல்ப்ஸ் மலைகளை அளந்து வரைபடம் போட்டவர். மாலுமிகளில் பெரும்பாலானோர் வெயிலுக்குப் பழகிய அட்ரியாட்டிக் கரைக்காரர்கள், அதனால் கப்பலில் கட்டளைகள் இத்தாலிய மொழியில். மலையில் ஏற டிரோல் பகுதியிலிருந்து ஹாலர், க்ளோட்ஸ் என்ற இரண்டு வேட்டைக்காரர்கள். பனி பார்த்துக் கப்பல் ஓட்ட நார்வேக்காரர் எல்லிங் கார்ல்சன். ஆக 24 பேர். கப்பலின் பெயர் டெகெட்டாஃப், ஒரு கடற்படைத் தளபதியின் பெயர்.

இவர்கள் தேடிப்போனது இந்த நிலத்தை இல்லை. ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவின் தலைக்கு மேலே சுற்றிப் பசிபிக் பெருங்கடலுக்குப் போகும் வடகிழக்குக் கடல்வழியைத் தேடினார்கள். ஆகஸ்ட் பீட்டர்மன் என்ற ஜெர்மன் புவியியலாளர், நோவயா செம்லியாவுக்கு வடக்கே வெப்ப நீரோட்டம் பனியைக் கரைத்துத் திறந்த கடலாக வைத்திருக்கும் என்று எழுதிவந்தார். அதை நம்பித்தான் போனார்கள்.

கப்பல் பனியில மாட்டிக்கிச்சுன்னு படிச்சேன். மாட்டிக்கிட்ட கப்பல் எப்படிப் புது நிலத்தைக் கண்டுபிடிக்கும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. 1872 ஆகஸ்டில், நோவயா செம்லியாவின் கரை கண்ணில் படும் தூரத்திலேயே டெகெட்டாஃப்பைப் பனி சூழ்ந்து இறுக்கிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கப்பல் விடுபடவே இல்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள், வெடிமருந்து வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் உறைகடல் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள அது முழுசாக நகர்ந்துகொண்டே இருக்கும், கப்பலையும் சுமந்துகொண்டு. ஒரு முழு வருடம் போனது. இரவும் பகலும் பனி நெரிபடும் சத்தம். எந்த நிமிடம் கப்பல் உடையும் என்று உடுப்போடு படுத்தார்கள். 1873 ஆகஸ்ட் 30 அன்று மூடுபனி விலகியது. வடமேற்கே வெயில்பட்டு மின்னும் மலைகள்! எந்த வரைபடத்திலும் இல்லாத நிலம். பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் பெயரையே வைத்தார்கள்.

தேடிப் போன வழி கிடைக்கவில்லை. தேடாத நிலத்தைப் பனிதான் கொண்டுபோய்க் காட்டியது. இன்னொன்று: கண்ணால் பார்த்தும் இரண்டு மாதத்துக்குக் கால் வைக்க முடியவில்லை, நடுவில் பனி உடைந்து உடைந்து கிடந்தது. நவம்பர் தொடக்கத்தில், சூரியன் மறைந்துவிட்ட அரையிருட்டில்தான் வில்ச்செக் தீவில் இறங்கினார்கள். பயணத்துக்குப் பெரும்பணம் கொடுத்த பிரபுவின் பெயர் அந்தத் தீவுக்கு.

வடகோடி வரைக்கும் போனது யார்? எப்படிப் போனாங்க?

பையர்தான். 1874 மார்ச், ஏப்ரலில் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு போனார். கடைசிக்கட்டத்தில் ருடால்ஃப் தீவின் மிடெண்டார்ஃப் பனியாற்றில் ஏறும்போது, பனி உள்வாங்கி, வண்டியும் நாய்களும் சானினோவிச் என்ற மாலுமியும் ஒரு பிளவுக்குள் விழுந்தார்கள். அதே கயிற்றில் கட்டியிருந்த பையரும் விளிம்புவரை இழுபட்டார். கயிற்றை அறுத்துக்கொண்டு, கனத்த உடைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹாலர் காத்திருந்த தீவுக்குப் பனியில் ஓடினார். பல மணி நேரம் கழித்து ஆட்களோடு திரும்பி வந்தபோது சானினோவிச் உயிரோடு இருந்தார், நாய்களும்தான். அத்தோடு திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதே சானினோவிச்சையும், ஓரெல் என்ற அதிகாரியையும் கூட்டிக்கொண்டு பையர் மேலே நடந்தார். ஏப்ரல் 12 அன்று ஃபிலிகெலி முனை.

பையர் அந்த இடத்தை 82 டிகிரி 5 நிமிடம் என்று கணக்கிட்டார். முதல் பதிலில் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் கால் டிகிரி கூடுதல். உறைந்த விரல்களோடு எடுத்த அளவு அது.

அப்புறம் வீடு திரும்பினாங்களா, இல்ல அங்கேயே போயிட்டாங்களா?

ஒருவர் மட்டும் திரும்பவில்லை. இயந்திரப் பொறியாளர் ஓட்டோ கிரிஷ் காசநோயால் 1874 மார்ச்சில் இறந்தார். வில்ச்செக் தீவில் பாறைகளுக்கு நடுவே புதைத்து மரச்சிலுவை நட்டார்கள்.

மற்றவர்கள் 1874 மே 20 அன்று கப்பலைக் கைவிட்டு, படகுகளைச் சறுக்குவண்டியில் ஏற்றித் தெற்கே இழுத்தார்கள். மூன்று தடவை போய்வந்தால்தான் எல்லாச் சாமானும் ஒரு அடி நகரும். இதில் தெற்குக் காற்று வேறு, அவர்கள் நடந்துகொண்டிருந்த பனியையே வடக்கே தள்ளியது. இரண்டு மாத உழைப்புக்கு அப்புறம் கணக்குப் பார்த்தால், கப்பலிலிருந்து வெறும் 15 கிலோமீட்டர் தூரம்தான் வந்திருந்தார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது பிள்ளைகள் எப்போதும் அமைதியாகிவிடுவார்கள். அந்த நேரத்தில் 23 பேரையும் நிலைகுலையாமல் பிடித்து வைத்திருந்தவர் வைப்ரெக்ட். திரும்பிக் கப்பலுக்கே போகலாம் என்ற எண்ணத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பையரின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியவில்லையே என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஆகஸ்ட் நடுவில் திறந்த கடல் வந்தது. படகில் இடமில்லாததால் மிச்சமிருந்த நாய்களைக் கொல்ல வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 24 அன்று நோவயா செம்லியாக் கரையோரம் ‘நிகோலாய்’ என்ற ரஷ்யப் பாய்க்கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. செப்டம்பர் 3, நார்வேயின் வார்டோ துறைமுகம்.

நார்வே மீனவர்கள் முன்னாடியே பார்த்துட்டாங்களாமே? அப்ப ஆஸ்திரியாவுக்கு எதுக்குப் பெருமை?

1865-இல் ரோன்பெக் என்ற நார்வே வேட்டைக்கப்பல் தலைவர் ஸ்வால்பார்டுக்குக் கிழக்கே ஒரு நிலத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. பார்த்திருக்கக் கூடியதுதான். ஆனால் வேட்டைக்காரர்கள் நல்ல வேட்டையிடத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். அளவும் இல்லை, வரைபடமும் இல்லை, உலகத்துக்கும் தெரியவில்லை.

இதைவிட அழகான முன்கதை ஒன்று உண்டு. ரஷ்யக் கடற்படையைச் சேர்ந்த ஷில்லிங், பனி நகரும் விதத்தை வைத்தே, ஸ்வால்பார்டுக்கும் நோவயா செம்லியாவுக்கும் நடுவில் வடக்கே ஒரு நிலம் பனியைத் தடுத்து நிறுத்துகிறது என்று எழுதினார். 1871-இல் க்ரோபோட்கின் அதையே இன்னும் அழுத்தமாகச் சொல்லி, ஒரு பயணம் அனுப்பக் கேட்டார். (அரசே வேண்டாம் என்று பின்னாளில் எழுதிய அதே க்ரோபோட்கின்தான், அவர் முதலில் புவியியலாளர்.) பணம் கிடைக்கவில்லை. இரண்டே வருடத்தில் வேறு நாட்டுக் கப்பல் மிதந்துபோய் அவர் சொன்ன இடத்தில் நின்றது. என் கணக்கில் கணித்த பெருமை ரஷ்யர்களுக்கு, கண்டு அளந்து வந்த பெருமை டெகெட்டாஃப் ஆட்களுக்கு.

பையர் வரைபடத்துல இல்லாத நாட்டையெல்லாம் வரைஞ்சாராமே, பொய்யா?

பொய் இல்லை, பிழை. ஃபிலிகெலி முனையில் நின்று பார்த்தபோது வடக்கே மலைபோல ஒன்று தெரிந்தது, அதற்குப் பீட்டர்மன் லேண்ட் என்று பெயரிட்டார். வடமேற்கே இன்னொன்று, ஆஸ்கர் மன்னர் லேண்ட். இரண்டும் கிடையாது. குளிர்ந்த பனிமேல் வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது ஒளி வளைந்து, தூரத்துப் பனிமேடுகள் மலையாக எழும்பித் தெரியும். நம் ஊர் நெடுஞ்சாலையில் மத்தியானம் தண்ணீர் தெரிகிறதே, அதன் தலைகீழ் வடிவம். கூடவே மேகமும் இருந்திருக்கலாம்.

ஆனால் இந்தப் பிழையை அழிக்க 26 வருடம் ஆனது, அதற்கு உயிர்களும் போயின. 1900-இல் இத்தாலிய இளவரசர் அப்ருஸி கோமகனின் குழு ருடால்ஃப் தீவிலிருந்து புறப்பட்டது. உம்பெர்டோ காஞ்ஞி 86 டிகிரி 34 நிமிடம் வரைக்கும் போனார், அன்றைக்கு அதுவே உலக உச்சம். வழியில் எந்த நிலமும் இல்லை. அந்தப் பயணத்தில் மூன்று பேர் கொண்ட ஒரு துணைக்குழு பனியில் மறைந்தது, திரும்பவே இல்லை. ஒரு நிலத்தை வரைபடத்தில் சேர்ப்பதற்கு ஆகும் பாடு, இல்லாத நிலத்தை எடுப்பதற்கும் ஆகிறது. பாடப்புத்தகத்தில் இந்த இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

வியன்னாவில் பையரை முதலில் கொண்டாடினார்கள், அப்புறம் சிலர் அவர் சொன்ன முழுக்கதையையும் சந்தேகித்தார்கள். மனம் நொந்து ராணுவத்தை விட்டு ஓவியரானார். எழுதியதில் பெரும்பகுதி சரி என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

நான்சனும் ஜாக்சனும் அங்க எதேச்சையா சந்திச்சது நிஜமா?

நிஜம்தான், 1896 ஜூன் 17. நார்வேக்காரர் ஃப்ரித்யோஃப் நான்சனும் யால்மார் யோஹான்சனும் 1895 மார்ச்சில் ‘ஃப்ராம்’ கப்பலை விட்டு இறங்கித் துருவம் நோக்கி நடந்து, 86 டிகிரி 14 நிமிடத்தில் திரும்பினார்கள். வழியில் இருவர் கடிகாரமும் நின்றுவிட்டது. சரியான நேரம் தெரியாமல் தீர்க்கரேகையைக் கணக்கிட முடியாது. கையில் இருந்தது பையரின் வரைபடம். அதில் சொன்ன பீட்டர்மன் லேண்ட் வரவே இல்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை.

கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, ஒதுங்கிய மரக்கட்டை ஒன்றை விட்டமாகப் போட்டு (மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன கட்டை இதுதான்), வால்ரஸ் தோலால் கூரை வேய்ந்து, கரடிக்கறி தின்று அந்தக் குடிசையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தார்கள். வெளியே வந்தபோது இருவருக்கும் எடை கூடியிருந்தது! அடுத்த கோடையில் தெற்கே போகும்போது நான்சன் காதில் நாய் குரைக்கும் சத்தம். நார்த்புரூக் தீவின் ஃப்ளோரா முனையில் 1894 முதல் தங்கி அளவெடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ஃபிரெடரிக் ஜாக்சனின் நாய். நான்சனோடு வரக் கேட்டு முன்பு மறுக்கப்பட்டவர் இந்த ஜாக்சன். அவருடைய கப்பலில்தான் இருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். குடிசை கட்டிய தீவுக்கு நான்சன் ஜாக்சன் தீவு என்று பெயரிட்டார். ஜாக்சனின் மூன்று வருட வேலையில்தான் இது பெருநிலம் இல்லை, சிதறிய தீவுக்கூட்டம் என்பது தெளிவானது.

ஆஸ்திரியா கண்டுபிடிச்சது எப்படி ரஷ்யாகிட்ட போச்சு? பேரை ஏன் மாத்தல?

வைப்ரெக்டும் பையரும் பெயர் வைத்தார்களே தவிர, பேரரசு இந்த நிலத்தைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை. 1918-இல் அந்தப் பேரரசே இல்லாமல் போயிற்று. 1926 ஏப்ரல் 15 அன்று சோவியத் அரசு, தன் கரைக்கு வடக்கே துருவம் வரை உள்ள நிலமெல்லாம் தனக்கே என்று அறிவித்தது. நார்வே ஏற்கவில்லை. 1929-இல் ஹூக்கர் தீவின் டிஹாயா விரிகுடாவில் சோவியத் நிலையம் வந்தது. அங்கே ஆள் வைத்திருந்ததே வழக்கை முடித்துவிட்டது.

ஒரு மன்னரின் பெயரைச் சோவியத் அரசு மாற்றாமல் விட்டது பலருக்கும் வியப்புதான். எப்படியோ தப்பித்துவிட்டது. அதனால் இன்றும் அந்த ரஷ்ய வரைபடத்தில் வீனர் நியூஸ்டாட் என்ற ஆஸ்திரிய ஊரும், பையர் பிறந்த ஊரான டெப்லிட்ஸும், ஜாக்சனும் நான்சனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

வரைபடத்துல இருக்கிற தீவு காணாமப் போகுமா? புதுசா தீவு முளைக்குமா?

இரண்டும் நடந்திருக்கிறது. 1931 ஜூலையில் ‘கிராஃப் செப்பலின்’ என்ற ஜெர்மன் வான்கப்பல் இங்கே பறந்து படம் எடுத்தது. டிஹாயாவில் நீரில் இறங்கி ‘மாலிகின்’ என்ற பனியுடைப்புக் கப்பலோடு தபால் மாற்றிக்கொண்டது. வரைபடத்தில் இருந்த ஹார்ம்ஸ்வொர்த், ஆல்பர்ட் எட்வர்ட் என்ற தீவுகள் மேலிருந்து பார்த்தால் இல்லவே இல்லை. பையருக்கு நேர்ந்த அதே வகைப் பிழைதான், நடந்து பார்க்கிறவனுக்கும் பறந்து பார்க்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்.

முளைப்பது வேறு விஷயம், அது இப்போது நடப்பது. ஜாக்சன் தங்கிய நார்த்புரூக் தீவை இந்த நூற்றாண்டில் போய்ப் பார்த்தபோது அது இரண்டாகியிருந்தது. இரண்டு பாறைநிலங்களை ஒட்டவைத்திருந்தது நடுவில் இருந்த பனிதான், அது உருகியதும் கடல் உள்ளே வந்துவிட்டது. அதனால்தான் இரண்டாவது பதிலில் தீவுகளின் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லாமல் ‘190-க்கும் மேற்பட்ட’ என்றேன்.

நம்ம இந்திய ஆய்வு நிலையம் அங்கதானே இருக்கு? நாமளும் போய்ப் பார்க்கலாமா?

இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ 2008-இல் தொடங்கியது, அது ஸ்வால்பார்டில், நார்வே பக்கம். பக்கத்துத் தீவுக்கூட்டம் என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. ஸ்வால்பார்டுக்குப் பயணிகள் விமானமே போகும். ஃபிரான்ஸ் ஜோசஃப் லேண்டுக்கு அப்படி இல்லை. ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்திலிருந்து கோடையில் மட்டும் கப்பல், அதுவும் பனி அனுமதித்தால். எல்லைப்பகுதி என்பதால் தனி அனுமதி வேண்டும், 2016 முதல் ‘ரஷ்ய ஆர்க்டிக்’ தேசியப் பூங்காவின் பகுதியும் ஆகிவிட்டதால் பூங்கா விதிகளும் உண்டு. செலவு லட்சக்கணக்கில்.

போகிறவர்கள் ஃப்ளோரா முனையையும், டிஹாயாவின் பழைய மரவீடுகளையும், சாம்ப் தீவில் ஆள் உயரத்துக்கு உருண்டையாகக் கிடக்கும் கல்கோளங்களையும் பார்க்கலாம். எனக்கு வாய்த்தால் முதலில் வில்ச்செக் தீவில் கிரிஷின் கல்லறைக்குத்தான் போவேன். சிலுவை நட்ட அன்று மிச்சமிருந்த 23 பேரில் யாருக்கும் தாங்கள் ஊர் திரும்புவோமா என்று தெரியாது.